தண்ணீர் போகாத மதகு

எங்கள் ஒழுங்கையின் முகப்பில் ஒரு மதகு இருக்கிறது. நல்ல மதகு. இரண்டு பக்கமும் சீமெந்துக் கட்டு, உள்ளே ஆள் குனிந்து போகக்கூடிய குழாய், கட்டின் மேல் எழுத்துப் பொறித்த கல். குறை ஒன்றுதான்: அதற்குள் தண்ணீர் போனதை இன்றுவரை ஒருவரும் கண்டதில்லை. கோடையில் அதற்குள் ஆடுகள் படுத்திருக்கும். மாரியிலும் ஆடுகள்தான், ஏனென்றால் ஊரிலேயே நனையாத இடம் அதுதான். வயல் வட்டையிலிருந்து வரும் வெள்ளம் அந்த மதகைத் திரும்பியும் பாராமல், இப்பால் பெரியம்மாவின் வேலியைச் சாய்த்துக்கொண்டு, ஒழுங்கையைக் குறுக்கறுத்து வாவிக்குப் போய்விடும்.

இதற்கு அரசாங்கத்தைத் திட்டவும் வழியில்லை. ஊர் மக்கள் கூடி, ஊர் மக்கள் வரைந்து, ஊர் மக்கள் கைதட்டி ஏற்றுக்கொண்ட திட்டம் அது. கல்லில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய புதிது. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தேன். அந்த நாட்களில் வீட்டில் கறி இருந்ததோ இல்லையோ, ஊரில் கூட்டம் இருந்தது. வாகனத்தில் வருபவர்கள் எங்களை வட்டமாக இருத்தி, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்பார்கள். நாங்கள் சொல்வோம். அதை வண்ணத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, நின்று படம் எடுத்து, பிஸ்கட் தந்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமை வேறு வாகனம் வரும். அவர்களும் உங்களுக்கு என்ன தேவை என்றுதான் கேட்பார்கள்.

மதகுத் திட்டத்தோடு வந்த மெலிந்த இளம் உத்தியோகத்தர் கொஞ்சம் வித்தியாசமானவர். உண்மையிலேயே ஏதாவது கட்டித் தரவேண்டும் என்று நினைத்தார். அதற்கு முதலில் ஊரின் படத்தை நாங்களே பள்ளிக்கூட முற்றத்தில் வரைய வேண்டும் என்றார். பாதைக்குச் செங்கல் தூள், வீட்டுக்குச் சிரட்டை, தண்ணீருக்கு உடுப்புக்குப் போடும் நீலம் கலந்த மணல்.

"குடும்பத் தலைவர்மார் முன்னுக்கு வாங்க" என்று கூப்பிட்டார்.

ஆண்கள் எழும்பிப் போனார்கள். இங்கேதான் எனக்கு முதல் எரிச்சல். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்கு வந்து சேருவான். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளெல்லாம் அம்மாவுக்கும் அவருடைய சகோதரிகளுக்கும் தாய்வழியாக வந்தவை. தலைவர்கள் என்று போய் நின்றவர்களில் அப்பா கடலோரத்துப் பெரியகல்லாற்றுக்காரர், பெரியப்பா உன்னிச்சை, சித்தப்பா கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். பிறந்ததிலிருந்து அந்த மண்ணை மிதித்த பெண்கள் வாகை மர நிழலில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். வந்த மாப்பிள்ளைகள் ஊரை வரைந்தார்கள்.

கோயிலை எங்கே வைப்பது என்பதிலேயே காலை போய்விட்டது. சித்தப்பா வைத்த இடத்தைப் பெரியப்பா ஏற்கவில்லை. பெரியப்பா வைத்த இடத்தில் கோயில் வாவிக்குள் நின்றது. உத்தியோகத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கோயில் பிறகு பாப்பம். தண்ணி ஓடுற வழியக் கவனமாப் போடுங்க. அந்த வழியில இனி ஒருத்தருக்கும் வீடு கட்ட அனுமதி குடுக்க மாட்டாங்க" என்றார்.

அப்பா நீல மணலை எடுத்தார். வாவித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு எந்த மீன் படும் என்று சொல்லக்கூடிய மனிதர். அவர் எங்கே கொட்டினார் தெரியுமா? ஒழுங்கை முகப்பில், மேட்டு நிலத்தில். மேட்டில் தண்ணீர் ஏறிப் போகிறதாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. முகாமுக்குப் போகுமுன் ஒவ்வொரு மாரியும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு சப்பாத்தை அது கொண்டும் போயிருந்தது. ஓடிப்போய் ஒரு பிடி நீல மணலை அள்ளினேன். வட்டையிலிருந்து தொடங்கி, எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே அக்காவுக்கென்று விட்டிருந்த மூலை வளவுக்குள்ளால், அப்பா கொண்டுவந்து பறித்துப் போட்டிருந்த கிறவல் மண் குவியல் இருக்கும் இடத்தையும் தாண்டி, வாவிவரை கொட்டினேன்.

"இதாலதான் தண்ணி போற!" என்று கத்தினேன்.

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். சொல்லுங்களேன், உங்களுக்குத் தெரியும்தானே என்று பார்த்தேன். பெரியம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் வேலை வந்துவிட்டது. சின்னம்மா குழந்தையின் மூக்கைத் துடைத்தார். அம்மா எழுந்து வந்து என் தொடையில் ஒரு நுள்ளு நுள்ளி, "வாய மூடிட்டு வாகா இஞ்சால" என்று இழுத்தார்.

அப்பா என் நீலக் கோட்டைக் குதிக்காலால் தேய்த்து அழித்தார். "சின்னப் புள்ள, விளையாடுது" என்று உத்தியோகத்தரிடம் சிரித்தார்.

அந்த நல்ல மனிதர் அதோடு விடவில்லை. "அம்மாமார் என்ன சொல்றீங்க?" என்று நிழல் பக்கம் கேட்டார்.

"அவர் போட்டதுதான் சரி தம்பி" என்றார் பெரியம்மா. "அவருக்குத் தெரியாத தண்ணியா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டு இருந்தேன். வலியில் அல்ல, ஆத்திரத்தில்.

மதகு வந்தது. கல் வந்தது. மறுகா மழை வந்தது. உத்தியோகத்தர் தன் மதகைப் பார்க்கக் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். அவருடைய செருப்பு ஒன்று கழன்று வாவியை நோக்கிப் போனது. மதகுக்குள் எங்கள் ஆடு நின்று அவரைப் பார்த்தது.

"ஆரு இந்த இடத்தக் காட்டின?" என்று கத்தினார். பாவம், அழுகிற குரல்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையைச் சொறிந்தார். "நான் கடக்கரையான் தம்பி. இந்த வட்டைத் தண்ணி எனக்கு விளங்கல்ல" என்றார். ஊர் சிரித்தது. அன்றிலிருந்து அவர் ஊருக்கு மதகு மாமா. பள்ளிக்கூடத்தில் நான் மதகுட மகள். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? தெரிந்த நான் சொன்னதை ஏன் அழிக்க வேண்டும்?

அந்த வருடமே மூலை வளவில் கிறவல் நிரப்பி, அத்திவாரத்தை உயர்த்தி, அக்காவுக்கு வீடு எழும்பியது. வீடு எழும்பட்டும், பிறகு நாள் பார்ப்போம் என்று சொல்லியிருந்த மாப்பிள்ளை வீட்டார் நாள் பார்த்தார்கள். கலியாணத்தில் புதுச் சட்டையும் பலகாரமுமாக நான் மதகையே மறந்துவிட்டேன். அடுத்த மாரி ஞாபகப்படுத்தியது. வெள்ளம் இப்போது பெரியம்மாவின் வளவுக்குள் புகுந்து அவருடைய கத்தரிப் பாத்தியை அழுக வைத்தது.

பெரியம்மா வேலிக்கு மேலால் அப்பாவைத் திட்டுவார். "இந்த மனிசனுக்குப் படம் கீறக் குடுத்தாங்களே, அவங்களச் சொல்லணும்!" ஊருக்கே கேட்கும். திட்டி முடித்த கையோடு, அக்கா வீட்டுக்குச் சுடச்சுடப் பிட்டு அனுப்புவார். இதென்ன இரட்டை வேடம் என்று அதற்கும் எனக்கு எரிச்சல்தான்.

போன மாதம் மறுபடியும் ஒரு திட்டம் வந்தது. இம்முறை செங்கல் தூள் இல்லை. வானத்திலிருந்து எடுத்த ஊரின் படத்தைத் திரையில் காட்டினார்கள். உத்தியோகத்தர் ஒரு பெண். நான் இப்போது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். தண்ணீரின் வழியைக் காட்டுங்கள் என்று கோலை என் கையில் தந்தார். இத்தனை வருடமாக நான் காத்திருந்த நாள். யாரும் என்னை நுள்ள முடியாது.

வட்டையில் கோலை வைத்து இழுத்துக்கொண்டே வந்தேன். மூலை வளவில் அது ஒரு சிவப்பு ஓட்டுக் கூரையின் மேல் போய் நின்றது. அக்காவின் கூரை.

திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவிடம் இப்போது மூக்குத் துடைக்கப் பிள்ளை இல்லை, அவர் நேராக என்னையே பார்த்தார். தலைவர்கள் மூவரும்கூட அப்படித்தான். முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அம்மாவின் கையில் மிஞ்சியிருந்த ஒரே காணித் துண்டு அது. அதில் நீலக் கோடு விழுந்திருந்தால் அக்காவுக்கு வீடு இல்லை. வீடு இல்லையென்றால் கலியாணம் இல்லை. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

"என்ட வேலியோரத்தால கீறுகா" என்றார் பெரியம்மா. "இப்ப அதாலதானே போற. வாய்க்கால் வெட்டுறதுக்கு நான் வளவு தாறன்."

கீறினேன். உத்தியோகத்தர் திரையில் மதகைப் பார்த்துவிட்டு, "இத ஏன் மேட்டில கட்டினீங்க?" என்று கேட்டார்.

நரைத்த தலையைச் சொறிந்துகொண்டு அப்பா எழும்பி உத்தியோகத்தரைப் பார்த்தார். "அது என்ட பிழை மகள். நான் கடக்கரையான், எனக்கு வட்டைத் தண்ணி விளங்காது." எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த நாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருப்பேன், அதுவும் உண்மைதான்.

அன்று என் கோட்டை அழித்ததில் அப்பாவின் குதிக்காலில் நீலம் ஏறிவிட்டது. வெடிப்புகளுக்குள் இறங்கி, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தக் காலைக் காட்டிக் காட்டி ஊரே அவரைக் கேலி செய்தது. எல்லோரையும்விடக் கூடச் சத்தமாகச் சிரித்தது நான்.