அலையாத்திக் கன்றுகளுக்கு ஓர் இருக்கை

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பட்டுக்கோட்டை பஸ் கிளம்பக் காத்திருக்கிறது. என் பக்கத்து இருக்கையில் பதினாறு அலையாத்திக் கன்றுகள், எண்ணிவிட்டேன். சேறு என் வேட்டியில் சொட்டுகிறது. இங்கே ஒரு கண்காட்சியில் வைத்திருந்த அவற்றை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெண் நிற்கிறார். கடலோரத்தில் இறால் குளம் வைத்திருப்பவர்; அதன் கரையில் நடத்தான் இவை என்கிறார்.

"டிக்கியில போடுங்கம்மா," என்கிறார் கண்டக்டர்.

"அங்க வெந்துடும். சீட்டுல அது உக்காரட்டும், நான் நின்னுக்கிறேன். டிக்கெட் எடுத்திருக்கேன்ல?"

"கரையில மரம் வச்சா இலை விழுந்து குளம் கெடாதாம்மா?" என்று கேட்கிறேன்.

"ஊரே அதத்தாங்கய்யா சொல்லுது. புயல்ல ஊர்க்காரங்க கரையெல்லாம் உடைஞ்சுது. மரம் நின்ன எங்க கரை உடையல. இன்னும் நடுவேன்."

பஸ் கிளம்பி, வழியில் துவாக்குடியில் ஏறிய ஒருவர் கன்றுகளை நகர்த்தப் பார்க்கிறார்.

"ஆள் இருக்கு," என்கிறேன்.