நுஹா எவ்வளவு வளைந்தாள்

எங்கள் அக்கா நுஹாவுக்கு முதுகெலும்பு கோணல். அலெக்ஸாண்ட்ரியாவில் பாதிக் கட்டிடங்கள் சாய்ந்துதான் நிற்கின்றன. அவற்றை யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. நுஹாவை மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

முதுகுதான் கோணல், இடுப்பு பூனை இடுப்பு. எங்களுக்கு மேல் மாடியில், ஒரு பால்கனி தள்ளி இருக்கும் ரம்ஸி அம்மா, கடைக்காரனுக்குக் கயிற்றில் கூடை இறக்குவாள். அது மேலேறி எங்களைத் தாண்டும்போது நுஹா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் அப்படியே வளைந்து, கொய்யாவை எடுத்துக்கொண்டு பழைய செருப்பை உள்ளே வைப்பாள். யோசனை என்னுடையது, இடுப்பு அவளுடையது. உங்கப்பன் வரட்டும் என்று மேலிருந்து வசவு விழும்.

போன வருஷம் கோணல் கூடிவிட்டது. அறுத்துக் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். கம்பி மார்போடு நின்றால் இடுப்பு அவளுக்கு மிஞ்சும். கீழே வரை இறங்கினால் ஆயுசுக்கும் நட்ட கம்பம். எதுவரை என்று பார்க்க, இன்ஸாஃப் என்ற இன்ஜினியர் பெண் நுஹாவின் முதுகைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினாள். எலும்பு எலும்பாக அடுக்கி, நடுவிலுள்ள மெத்தைகளுக்கு எவ்வளவு விறைப்பு என்று எண் கொடுத்து, அதில் கம்பியைப் பூட்டிப் பார்ப்பாள். அந்த எண் வருவது, ஆளை இரண்டு பக்கமும் முடிந்த மட்டும் வளையச் சொல்லி எடுக்கிற எக்ஸ்ரேயிலிருந்து.

அந்த எக்ஸ்ரே எடுத்த அன்று, வழக்கமாக எடுக்கிற அம்மா லீவு. ஓர் ஆள் இருந்தான். முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும் ஆஸ்பத்திரி அங்கி, அதிலும் நாடா அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. நுஹா ஒரு கையால் அங்கியைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் தெரிந்தவருக்குத் தலையாட்டுகிற அளவுக்குச் சாய்ந்தாள். இன்னும் வளை என்றானாம். இவ்வளவுதான் என்றாளாம்.

அந்த வெட்கத்தைக் கம்ப்யூட்டர் விறைப்பு என்று படித்தது. கம்பி கீழே வரை என்று முடிவு வந்தது.

நான் இன்ஸாஃபிடம் போய், அன்று நடந்ததைச் சொல்லி, போனில் இருந்த கூடைக் கொள்ளை வீடியோவைக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் சிரித்தாள். திரும்ப ஓட்டிப் பார்த்தபோது சிரிக்கவில்லை.

"இந்தப் பொண்ணுக்கா நான் அந்த எண்ணைக் குடுத்தேன்? வீடியோவை வெச்சு அளக்க முடியாதும்மா. மறுபடி படம் எடுக்கணும். பொம்பளையே எடுப்பாங்க, நானும் கூட நிக்கறேன். டாக்டர் எழுதித் தந்தாப் போதும்."

டாக்டர் அறையில், வீடியோவில் பெண் நன்றாக வளைகிறாள், மறுபடி படம் எடுக்கணும் என்று மட்டும் அவள் சொன்னாள். அப்பா என் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சர்க்கரை டப்பாவில் உப்பை நிரப்பி வைத்தவளை அவருக்குத் தெரியும்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது டாக்டர். எங்க வீட்ல அதுக்குன்னே ஒருத்தி இருக்கா."

டாக்டர் சிரித்துவிட்டு நுஹா பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. அன்னைக்கு முடிஞ்ச மட்டும் வளைஞ்சியா?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். அந்த அங்கியையும் அந்த ஆளையும் அப்பா முன்னால் வாயால் சொல்ல வேண்டும். நுஹா தன் கால்விரலைப் பார்த்தாள்.

"வளைஞ்சேன்."

இன்ஸாஃப் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டை போட்டேன்.

"நீ போட்டுட்டு நின்னிருப்பியா அந்த அங்கியை?" என்றாள்.

கணக்குப் போட்டபடியே அறுவை நடந்தது. கொஞ்சம் உயரமாகக்கூட ஆகிவிட்டாள். பெண் நேராகிவிட்டாள் என்று அப்பா தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார். உண்மைதான், எங்கள் தெருவில் நேராக நிற்பது இப்போது அவள் ஒருத்திதான்.

நேற்று ரம்ஸி அம்மாவின் கூடை எங்கள் பால்கனி உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. ரொட்டிக்கு மேலே ஒரு கொய்யா, நன்றாகப் பழுத்தது.

"எங்கடி அந்தத் திருடி? எவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருக்கறது, கை வலிக்குது" என்று மேலிருந்து குரல்.

நுஹா கம்பியைப் பிடித்தாள். கையை நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. நான் எடுத்துத் தரப் போனேன்.

"தொடாத" என்றாள்.

கூடை சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் கொய்யாவோடேயே மேலே போனது.