கூரை மடக்கிய கார்களும் சந்திரவல்லியும்

ராக்கையாவுக்கு மலை ஏறினால் குமட்டும். ஏலத்தோட்டம் வைத்திருக்கிற மனிதருக்கு வரக்கூடாத தொந்தரவு அது. வீடு போடியில், தோட்டமோ போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில். முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திரும்பும்போதே முகம் வெளுத்துவிடும். பாதி மலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக உட்கார்ந்துகொள்வார். கல்யாணமான புதிதில் சந்திரவல்லிதான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பாள்.

அவள் ராசிங்காபுரத்துப் பெண். அப்பாவின் டிராக்டரைக் கரிசல் காட்டில் ஓட்டிப் பழகிய கை. டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "சாவியக் கொண்டாங்க, நான் ஓட்டுறேன்" என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு டிரைவரே தேவைப்படவில்லை. ஆனால் யார் ஓட்டினாலும் ராக்கையாவின் வயிறு மட்டும் கேட்கவில்லை.

எழுபத்து மூன்றில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் தன் நாட்டுக்குத் திரும்புகிற ஏற்பாட்டில் இருந்தார். ஜீப்பு பழுதாகிக் கிடக்க, பஸ்சில் தோட்டத்துக்குப் போய்த் திரும்பப் பஸ்சு கிடைக்காமல் மாட்டிக்கொண்ட ராக்கையாவை ஒருநாள் அவர்தான் தன் எம்.ஜி. என்கிற பிரிட்டிஷ் காரில் ஏற்றிவந்து போடியில் விட்டார். அன்று மத்தியானம் ராக்கையா தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"வல்லி, எனக்குக் குமட்டல."

"என்னது?"

"மெட்டுலேர்ந்து முந்தல் வரைக்கும், ஒரு தடவகூட. அந்த வண்டிக்குக் கூரையே இல்ல. காத்து மூஞ்சியில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பசிக்குது, இன்னொரு கரண்டி போடு."

அடுத்த மாதம் அந்தக் கார் அவர்கள் வாசலில் நின்றது. ராக்கையா வாங்கியது வயிற்றுக்காக. அது தனக்காகவே வந்தது என்பதைச் சந்திரவல்லி முதல்தரம் உட்கார்ந்தபோதே தெரிந்துகொண்டாள்.

பச்சை நிறம். முன்பக்கம் நீளமாக மூக்கு நீட்டியிருக்கும். கம்பிச் சக்கரங்கள். கதவை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்கியிருப்பார்கள். முழங்கையை வெளியே வைத்துக்கொண்டால் ரோடு கைக்கு எட்டுகிற மாதிரி ஓடும். ஜீப்பில் உட்கார்ந்தால் ரோட்டைப் பார்க்கலாம், இதில் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கலாம். ஓட விட்டபடி முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து நடுவில் ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். பிசகினால் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அதைப் பழகுவதற்காகவே அவள் சோலி இல்லாத நாளிலும் மலைக்குப் போய்வந்தாள். அந்தச் சத்தமில்லாமல் கியர் உள்ளே விழுந்த முதல் நாள், வண்டியை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தாள்.

ஊர் பேசத்தான் செய்தது. ராக்கையாவின் அக்கா மாயக்காள் நேரில் வந்தே கேட்டாள்.

"ஏந்தம்பி, மூடாத வண்டியில பொம்பளப் புள்ள போனா பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"மழ பேஞ்சா நனைவான்னு சொல்லுவான், வேறென்ன சொல்லப் போறான்?" என்றார் ராக்கையா.

கோபித்துக்கொண்டு போன மாயக்காள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். கழுத்துக்கும் தலைக்குமாக ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். "குரங்கணி வரைக்கும் போயிட்டு வருவமா வல்லி? சும்மா, பாத்துட்டு வரத்தான்" என்றாள். இருப்பது ரெண்டு சீட்டு. ராக்கையா வாசலிலேயே நின்றார். போகும்போது கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டவள், திரும்பும்போது துண்டை அவிழ்த்துவிட்டாள். நரைத்த முடி பறந்தது. "முன்னாடி போறானே மாட்டு வண்டிக்காரன், அவனத் தாண்டு வல்லி, பாக்கலாம்" என்று அவள் சொன்னதைச் சந்திரவல்லி பிறகு எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நாலு வருஷம் அந்தக் காரில்தான் இருவரும் மலை ஏறினார்கள். மழைக்காலம் போனதும் ரோடெல்லாம் குழியாகும். தாழ்வான வண்டி, வயிறு கல்லில் இடிக்கும். டயர் தேய்ந்தபோது அந்த அளவில் மெட்ராஸிலும் கிடைக்கவில்லை. போடி மெக்கானிக் சுருளி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு மேல இதப் போட்டு வதைக்க வேணாம்" என்றான். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தினார்கள்.

அடுத்து வந்தது கூரை மடக்குகிற ஹெரால்டு. வெள்ளை. எம்.ஜி.யைப் போல உறுமாது. ஆனால் அது வளைகிற மாதிரி இந்த மலையில் எதுவும் வளைந்து அவள் பார்த்ததில்லை. பஸ்சு பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திணறுகிற இடத்தில், ஒரே வீச்சில் நின்ற இடத்திலேயே திரும்புவதுபோலத் திரும்பிவிடும். ரிப்பேர் என்றால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த முன்பக்கமும் மேலே கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே சந்திரவல்லி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவாள். பின்னால் சீட்டு இருந்ததால் மாயக்காளும் கூட வந்தாள். ராக்கையா வாசலில் நிற்க வேண்டி வரவில்லை.

எழுபத்தொன்பதில் மதுரையைச் சேர்ந்த கார்ப் பைத்தியங்கள் சிலர் கூடி, முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஒரு மலைப் பந்தயம் வைத்தார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். யார் சீக்கிரம் மேலே போகிறாரோ அவருக்குப் பரிசு. வண்டிக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ராக்கையா பெயரைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அவளிடம் சொன்னார்.

புறப்படுகிற இடத்தில் கொடியோடு நின்ற இளைஞர் அவரைப் பார்த்து, "சார், நீங்க டிரைவர் சீட்டுக்கு வாங்க" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி. நான் வெறும் லோடு."

கொடி விழுந்தது. கீழ் வளைவுகளில் ஜீப்பு டிரைவர்கள் பாறைகளில் ஏறி நின்று விசிலடித்தார்கள். "அண்ணே, அக்கா வருது! வழிய விடு!" என்று ஒருவன் கத்தியது இருவருக்கும் கேட்டது. பாதி மலைக்கு மேல் எதிர்பாராமல் மேகம் இறங்கியது. முன்னால் ரோடு இருக்கிறதா, பள்ளமா என்று தெரியவில்லை. சந்திரவல்லி வேகத்தைக் குறைத்தாள். எப்போதும் வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்கிற ராக்கையா, அப்போது எழுந்து நின்றார். முன் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

"வெறும் ரோடுதான். விடு வல்லி!"

"உக்காருங்க, விழுந்து தொலைக்கப் போறீங்க!"

"நான் விழ மாட்டேன், நீ விடு! வலப்பக்கம் ஒடி... கல்லு கெடக்கு, கல்லு... ம், வெரசா!"

ஒரு வளைவில் பின்சக்கரம் ஈரத்தில் வழுக்கி மண்மேட்டை உரசியது. அவள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து வண்டியை இழுத்துப் பிடித்தாள். ராக்கையா அப்போதும் உட்காரவில்லை. மெட்டில் வண்டி நின்றபோது அவர் மீசையெல்லாம் பனித்துளி. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

இரண்டாம் இடம் கிடைத்தது. அறிவிப்பில் "திரு. ராக்கையா" என்றுதான் கூப்பிட்டார்கள். பரிசு, ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம். அவர் போய் வாங்கிக்கொண்டு நேரே வந்து அவள் மணிக்கட்டில் மாட்டினார். "தொளதொளன்னு இருக்கு. ரெண்டு கண்ணி எடுத்துருவோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அவருக்கு இல்லை. அவளுக்குத்தான் இருந்தது, ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நடுவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பியட்டையும் வாங்கிப் பார்த்தாள். யாரோ பந்தயத்துக்காக இரட்டைக் கார்புரேட்டர் போட்டு மாற்றியமைத்த இன்ஜின். ஏற்றத்தில் பாய்ந்து போகும், மறுக்க முடியாது. ஆனால் மேலே கூரை. உள்ளே பேச்சுக் கேட்காத இரைச்சல். ராக்கையா ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டே வந்தார். "நல்ல வண்டிதான், நமக்கு ஆகல" என்று ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட்டாள். அந்தக் காரைப் பற்றி அவளுக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

எண்பத்தேழில் எர்ணாகுளத்திலிருந்து ஒரு டாக்டர் தோட்டத்துக்கு வந்தார். பழைய கார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். எம்.ஜி.யின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கிக் காட்டியபோது கம்பிச் சக்கரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஓடணும் சேச்சி. இவிடே கிடக்கக் கூடாது" என்று பாதித் தமிழில் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது; காரை அவருக்கே கொடுப்பதென்று முடிவானது. அவரே டயர் வரவழைத்துக் கொடுத்தார். சுருளி மேலே வந்து தங்கி இன்ஜினைப் பிரித்துக் கோத்தான்.

கொடுக்கிற நாளன்று காலையில், "ஒரு சுத்துப் போயிட்டு வருவமா?" என்றாள் சந்திரவல்லி. ராக்கையாவுக்கு முழங்காலில் வலி. அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்காரவே அவள் தோள் வேண்டியிருந்தது. மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஏலச் செடி வாசமும் ஈரமும் முகத்தில் அடிக்க மெட்டு வரை வந்தார்கள். கை எதையும் மறந்திருக்கவில்லை. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"எல்லாத்துலயும் எது வல்லி உனக்குப் பிடிச்சது?" என்று கேட்டார்.

"வளையிறதுக்கு ஹெரால்டு மாதிரி வராது. ஆனா இதுல வரும்போதுதான் நீங்க பாதி வழியில பசிக்குதும்பீங்க. அதக் கேக்கத்தான் நான் ஓட்டுவேன்."

மெட்டிலேயே டாக்டர் காத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். கார் கேரளப் பக்கம் இறங்கியது. உருவம் மறைந்தும் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்தும் தெளிந்தும் கேட்டது.

"மூணாம் கியர்ல போடுறாரு" என்றார் ராக்கையா.

"இல்ல, இன்னும் ரெண்டுதான்."

"மூணுதான். எனக்குத் தெரியாதா? இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்ட காது."

"அந்த எடத்துல மூணு போட்டா வண்டி முக்கும். கேளுங்க நல்லா."

இருவரும் தலையைச் சாய்த்து நின்றார்கள். சத்தம் அடங்கிய பிறகும் அது இரண்டா மூன்றா என்று பேசிக்கொண்டேயிருந்தார்கள். போடி பஸ்சு வந்து நின்று, கண்டக்டர் விசிலடித்துக் கூப்பிட்ட பிறகுதான் ஏறினார்கள்.