நான் வாங்காத கம்பு

போன பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், மேல்சுவர் எட்டவில்லை என்று கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கம்பை எடுத்து, அதன் நுனியில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வைத்துக் கட்டப் போனார். நான் இந்த வயதில் எப்படி அவ்வளவு வேகமாகப் போனேன் என்று தெரியவில்லை, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். மனிதர் பயந்துவிட்டார். "அது யாரு கம்பு அய்யா?" என்று கேட்டார். வேறு கம்பு தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. இதே மாதிரி ஒரு கேள்வியை ஒருவர் என்னிடம் முன்பு கேட்டிருக்கிறார். அப்போது நான் சொன்ன பதில் இன்னும் என்னை விடவில்லை.

அந்தக் கம்புக்குச் சொந்தக்காரர் என் அக்காவைக் கட்டியவர். ஊருக்கு வாத்தியார், எனக்கு அத்தான். ராஜபாளையத்திலும் சேத்தூரிலும் சிலம்பக்கூடம் வைத்திருந்தார். மற்றவர்கள் முன்காலில் பாய்ந்து ஆடுகிற இடத்தில், பின்காலில் நின்று எதிராளியின் வீச்சையே வாங்கித் திருப்பிவிடுகிற ஒரு முறையை அவராகவே உண்டாக்கினார். இருபது வருஷம் அதை ஆடி யாரிடமும் தோற்றதில்லை. எனக்குக் கம்பு சுற்ற வராது. ஒரே ஒரு நாள் சுற்றி என் காதையே பெயர்த்துக்கொண்டதோடு சரி. ஆனால் அவர் பேரை வைத்துக்கொண்டு ஊருக்குள் நான் சுற்றிய சுற்று கொஞ்சநஞ்சமில்லை. பஞ்சாலையில் நான் டைம் கீப்பர். முரட்டு ஆட்கள்கூட என்னிடம் குரலை இறக்கித்தான் பேசுவார்கள். வாத்தியாரின் மச்சினன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அந்த மரியாதையை என் சொந்தச் சம்பாத்தியம் என்றே நான் நம்பியிருந்தேன்.

ஐம்பதை ஒட்டிய வயதில் தேவதானத்தில் நடந்த போட்டி ஒன்றில் அத்தான் எதிராளியின் மணிக்கட்டை ஒடித்துவிட்டார். அடிபட்டவர் ஏர் பிடித்துப் பிழைக்கிறவர். நடவு நெருங்கியிருந்த சமயம். அத்தான் மறுநாளே அந்த வீட்டுக்குப் போய், அவருடைய மாட்டைப் பூட்டி அவருடைய வயலைத் தானே உழுதார். நடவு முடிகிறவரை அங்கேயே மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் கூடங்களை மூத்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே மலைமேல் பெருமாள் நிற்கிற எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையின் அடிவாரத்தில், ஒரு கிணற்றுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கத்திரியும் மிளகாயும் போட்டார்.

சிலம்பத்தில் மோதுவதற்கு முன்னால் கம்பைக் கொண்டு தரையையும் வானத்தையும் ஆசானையும் எதிராளியையும் வணங்குவதற்குச் சலாம் வரிசை என்று பேர். வெற்றிலை மடித்துப் போடுகிற நேரத்தில் முடித்துவிடுவார்கள். அத்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டார். விடிந்ததும் குளித்துவிட்டு மலையைப் பார்த்து நிற்பார். கம்பு நுனி தொட்ட இடத்தில் குனிந்து மண்ணை எடுத்து நெற்றியில் வைப்பார். எதிரே யாரோ நிற்பதுபோல அந்த வெற்று இடத்தை மெதுவாகச் சுற்றி வந்து, நின்று, கும்பிடுவார். வெயில் முதுகில் ஏறுகிறவரை இது நடக்கும். அந்த நேரத்தில் அக்காகூடக் குறுக்கே நடக்கமாட்டாள். யாருமில்லாத இடத்துக்கு எதற்கு அத்தான் இத்தனை கும்பிடு என்று நான் ஒருநாள் கேலி பண்ணினேன். அவர் கோபப்படவில்லை. "அடிக்கதுக்கு முந்தி கும்பிடத்தானே மாப்ள சொல்லிக்குடுக்காவ. முழுசா கும்பிட்டு முடிச்ச பொறவு அடிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார். நான் அதை ஆலையில் போய் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு என் பக்கமே திரும்பிவிட்டது. வாத்தியார் இப்போது கத்திரிச்செடிக்குத்தான் சலாம் போடுகிறாராமே என்று என் காதுபடவே பேசினார்கள். இறங்கியிருந்த குரல்களெல்லாம் ஏறிவிட்டன.

அது உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் பஸ் ஓடிய வருஷங்கள். ஆடித் தேரோட்டத்துக்குத் தெற்கேயிருந்து வந்த ஒரு வாத்தியார் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பொட்டலில் தன் கம்பை நட்டு வைத்தார். அதைப் பிடுங்குகிறவர் சவாலை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். மூன்று நாள் யாரும் தொடவில்லை. நாலாம் நாள் ஆலை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் போய்ப் பிடுங்கிவிட்டேன். எங்கள் அத்தான் நாளைக்கு வருவார் என்றும் சொல்லிவிட்டேன். சண்டை என்று சொன்னால் அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அடிவாரத்துக்குப் போய், உங்கள் சலாம் வரிசையைப் பார்க்க வேண்டும் என்று ஊரே கேட்கிறது, அதை மட்டும் செய்தால் போதும் என்று கூசாமல் சொன்னேன். அத்தான் வாய்க்காலில் மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நெசமாவா மாப்ள?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் ஜெயித்த எந்தப் போட்டியிலும் கண்டதில்லை. அக்காவிடம் வேட்டியைத் துவைத்துப் போடச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பொட்டலுக்குள் வந்த பிறகுதான், எதிரே நின்றவரின் கம்பு நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் நனைத்திருப்பதைப் பார்த்தார். உடம்பில் எத்தனை வெள்ளைப் பொட்டு விழுகிறதோ அத்தனை அடி என்பது கணக்கு. நெற்றியில் விழுந்துவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அத்தான் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சலாம் வரிசையைத் தொடங்கினார். தோட்டத்தில் செய்வதைப் போலவே, ஒன்றையும் குறைக்காமல் செய்தார். முதலில் அமைதியாக இருந்த கூட்டம் பொறுமை இழந்து சீழ்க்கையடித்தது. எதிராளியைச் சுற்றி வந்து கும்பிட்டு முடித்ததும், கம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். தெற்கத்தி வாத்தியார் செத்த நேரம் காத்திருந்தார். பிறகு கம்பை நீட்டித் தோளில் ஒரு பொட்டு வைத்தார். மார்பில் ஒன்று. மூன்றாவதாக நெற்றிக்கு உயர்த்தியவர் அப்படியே நின்றார். கம்பைத் தாழ்த்தி, அத்தானின் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார். சண்டை பார்க்க வந்த கூட்டம் ஊளையிட்டது. நான் அந்த நிமிஷமே செத்துப்போய்விடக்கூடாதா என்று நினைத்தேன். எனக்காகத்தான் நினைத்தேன், அவருக்காக இல்லை.

ஆட்டம் முடிந்து அவர் வேட்டியை இறுக்கிக் கட்டும்போது கம்பை வாங்கிப் பிடித்துக்கொள்வது எப்போதும் நான்தான். சிலம்பத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை அது. அன்றும் நேராக என்னிடம் வந்து கம்பை நீட்டினார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர், "அவிய ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்க ஊர்க்காரரு. அம்புட்டுதான்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீட்டிய கம்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவரே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேட்டியைக் கட்டினார். பொட்டுகளைத் துடைக்காமல் அடிவாரத்தைப் பார்த்து நடந்து போனார்.

அதற்குப்பின் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆலையில் ஷிஃப்ட் ஒழியவில்லை என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்புவேன். நாலு வருஷம் கழித்து, அத்தான் போய்விட்டார் என்று ஆள் வந்த பிறகுதான் போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா இந்தக் கம்பை எடுத்து வந்தாள்.

"ஒனக்குத்தான் குடுக்கச் சொன்னாவ. பொட்டலுக்குப் போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாவ தெரியுமா? 'நம்ம வரிசையப் பாக்கணும்னு கூப்பிட்டது எம் மாப்ள ஒருத்தன்தான்'னு சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. நானாவது அக்காவிடம் சொல்லியிருக்கலாம். கம்பை மட்டும் வாங்கிக்கொண்டேன். தன் தம்பி தன் புருஷனுக்குச் செய்த ஒரு நல்ல காரியத்தை அக்கா இருந்த காலமெல்லாம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொல்லையில் ஒரு தொரட்டிக் கம்பு கிடைத்தது. கொண்டுவந்து வெள்ளையடிப்பவரிடம் கொடுத்தேன். அவர் அதில் மட்டையைக் கட்டிச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டிருந்தார்.

"இது எங்க அத்தான் கம்பு. எங்கூடப் பொறந்த அக்கா வீட்டுக்காரரு," என்றேன்.

தான் கேட்டதையே அவர் மறந்திருந்தார். "அப்படியா அய்யா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.