ரஹீம் பாயின் பெட்ரோல் பாட்டில்

போன மாதம் நானும் வீட்டுக்காரரும் பினாங்கு போயிருந்தோம். மகள் அனுப்பிவைத்த பயணம். இல்லாவிட்டால் எங்களுக்கேது அந்த வசதி. ஒரு நாள் ஊர் சுற்ற வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்தோம். கடைக்காரப் பெண் சாவியைக் கொடுத்தாள், சிரித்தாள், உள்ளே போய்விட்டாள். நான் சும்மா இருப்பேனா? சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். குப்பென்று வாசனை வந்ததே தவிர, அடியில் ஒரு வாய்க்கு மேல் பெட்ரோல் இல்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இன்னாத்துக்கு இப்படி சிரிக்கிற?” என்றார் அவர்.

“இவளும் நம்ம ராயபுரம்தான் போலக் கீது” என்றேன்.

நடுரோட்டில் நின்று சொல்லக்கூடிய கதை இல்லை அது. உங்களுக்கு நிதானமாகச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ராயபுரத்தில், ஹார்பர் மதில் பக்கமாக, ரஹீம் பாயின் போன் பூத்தில் வேலை பார்த்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். உள்ளூர் ஆட்களைவிடக் கப்பல்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். கண்ணாடிக் கதவுக்குள் நின்று வீட்டோடு பேசி அழுவார்கள். வெளியே வந்து ஒன்றும் நடக்காதது மாதிரி டீ எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷை வைத்துக்கொண்டு கலெக்டர் போல உட்கார்ந்திருப்பேன்.

பாய் தங்கமான மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி. ராத்திரி கடையைப் பூட்டி, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் தொங்குவார். கேலி செய்கிறேனே தவிர, எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஏறக்குறைய அந்த ரகம்தான். வாசலில் விட்ட செருப்பு வாசலிலேயே இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் மாமனார் வீட்டில் பஞ்சாயத்து கூடும். அந்த வண்டியைத்தான் ரெனே ஒரு நாள் வாடகைக்குக் கேட்டான். பிலிப்பைன்ஸ்காரன், கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. மாசக்கணக்காக இரும்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடற்கரையோரமாக எண்ணூர் வரை காற்றில் ஓட்டிவிட்டு வருகிறேன் என்றான். சாயங்காலம் ஆறு மணிக்குள் ஹார்பர் கேட்டுக்குள் போய்விட வேண்டும், தவறினால் வேலை போய்விடும் என்று விரலால் கழுத்தை அறுத்தும் காட்டினான்.

பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “கடல்லயே கெடக்கிறவன் கடற்கர ரோட்ல இன்னாத்தப் பாக்கப் போறான்?”

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆனாலும் வாடகையை விட மனமில்லை பாய்க்கு. ஈடாக ரெனேயின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். அதைக் காதில் வைத்துக் கேட்டு, “டூப்ளிகேட்டா இருந்தா?” என்றார்.

ரெனே பூத்துக்குள் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாய் வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். டேங்குக்குக் கீழே இருக்கும் டியூபைப் பிடுங்கி, பெட்ரோலைப் பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இறக்கினார். இரவல் கொடுக்கும் வண்டிக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான்.

“எண்ணூர் போவ, திரும்பி வர. அவ்ளோதான் வச்சிக்கீறேன். அத்தத் தாண்டுனா வண்டி அவன இஸ்துகினு போவாது.”

ரெனே கையாட்டிவிட்டுப் போனான். மத்தியானம் வரை பாய் ரோட்டைப் பார்த்தார். அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் சாய்ந்தும் ஆளைக் காணோம். “போச்சு. இந்நேரம் வண்டிய எவன்கிட்டயோ பேரம் பேசிகினு கீறான்” என்று எழுந்தார். தெரிந்த ஆட்டோவைப் பிடித்தார். இங்கிலீஷுக்கு நான் வேண்டுமே, என்னையும் ஏற்றிக்கொண்டார். கையில் அந்த பெட்ரோல் பாட்டில்.

“அது எதுக்கு பாய்?”

“வண்டி கெடச்சா ஓட்டிகினு வர வேணாவா? தள்ளிகினா வருவேன்?”

காசிமேட்டு மீன் வாடை, திருவொற்றியூர், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு கண்டெய்னர் லாரி. அந்த நெரிசலுக்கு நடுவில் எதிரே வந்துகொண்டிருந்தான் ரெனே, வண்டியைத் தள்ளிக்கொண்டு. சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. பின்னாலிருந்து டீக்கடை ஆள் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பாறைல குந்திகினு கடலையே பாத்துகினு இருந்தாம்மா. கெளம்பி வர்றப்ப இந்த லாரி நெரிசல்ல மாட்டிகினான், வண்டி நின்னுபோச்சு” என்றார் அவர். “வண்டிய இங்க வுட்டு பஸ்ஸு புடிச்சுப் போடா, டைமாவுதுன்னு கையக் காலக் காட்டி சொன்னேன். வாட்ச் இல்லாத வெறுங்கையக் காட்டறான், வண்டியக் காட்டறான், தலைய ஆட்டறான். வுட மாட்டன்றான்.”

ரெனே எங்களைப் பார்த்தான். பாயின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடிவந்து பாயைக் கட்டிப்பிடித்தான்.

“ஹவ் யூ நோ? பெட்ரோல் ஃபினிஷ்… ஹவ் யூ நோ?”

“இன்னா கேக்கிறான்?” என்றார் பாய்.

“பெட்ரோல் தீந்துபோயிருக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கிறான் பாய்.”

பாய் பக்கத்து லாரியின் சக்கரத்தைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. பாட்டிலை டேங்கில் கவிழ்த்தபோது பாதி பெட்ரோல் அவர் கையில் வழிந்தது. “கேட்டுகினே நிக்காத, ஏறச் சொல்லும்மா. ஆறு அடிச்சிடும்” என்றார். ரெனேயையே ஓட்டவிட்டு, பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். லாரிக்காரர்களை வழிவிடச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் தொண்டை மூன்று நாளைக்குக் கட்டிப்போயிருந்தது. கேட் வாசலில் கடிகாரத்தை எடுத்து, அவரே அவன் கையில் கட்டிவிட்டார். அவன் உள்ளே ஓடி மறைந்தபிறகுதான் மணி அடித்தது.

மறுநாள் அதே கப்பலிலிருந்து வேறு இரண்டு பேர் வண்டி கேட்டு வந்தார்கள். பெட்ரோலோடு தேடிவருகிற பூத்துக்காரர் இவர்தானே என்று விசாரித்துக்கொண்டு! பாய் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் டியூபைப் பிடுங்கினார். “இவுங்க வேற ஆளுங்கம்மா” என்றார். ஆனால் அன்று வெயில் தாழக்கூட அவர் காத்திருக்கவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, பாட்டிலோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அந்த பூத் இருந்த இடத்தில் இப்போது பிரியாணி பார்சல் கடை. கப்பல்காரர்கள் தெருவில் கண்ணில் படுவதே இல்லை. புது வண்டிகளில் கையால் பிடுங்குகிற டியூபும் இல்லையாம். ராயபுரத்திலேயே போனை அமுக்கினால் வாடகை வண்டி கிடைக்கிறது; அது எங்கே போகிறது என்று எங்கிருந்தோ ஒரு மிஷின் பார்த்துக்கொள்கிறது. ரஹீம் பாயும் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

பினாங்கில் பங்க்கைத் தேடி நாங்களே பெட்ரோல் போட்டுக்கொண்டோம். ஊரெல்லாம் சுற்றிவிட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பினால் கடை சாத்தியிருந்தது. சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் போட்டார். நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், இன்னும் ஏன் வரவில்லை என்று யாராவது ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா என்று.