துரைக்கு ஒரு குராவ் மீன்

போன சனிக்கிழமை டத்தோ கிராமாட்டிலிருந்து ஒரு ரிக்‌ஷா புறப்பட்டது. அதில் மூன்று பேர் — நான், அடுத்த வீட்டு லூர்துசாமி, அவர் மடியில் வாழை இலை சுற்றிய ஒரு குராவ் மீன். மூவரில் அதிக இடம் பிடித்தது மீன்தான்.

எங்கே போனோம்? மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் வெள்ளைக்காரத் துரையைப் பார்க்க!

சிங்கப்பூர் காலேஜில் படிக்கும் நம் பிள்ளைகள் லீவுக்கு வீடு வந்தால் என்ன செய்வார்கள்? தூங்குவார்கள். எழுந்தால் பயாஸ்கோப். இந்த வருஷம் அந்தத் துரை, லீவில் தன்னோடு கடல் ஆராய்ச்சி செய்ய இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒருவன் சீனப் பையன். இன்னொருவன் லூர்துசாமியின் மகன் சேவியர்.

லூர்துசாமி கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. முதலில் தாம் தூம் என்று குதித்தார். “மீன் வயித்தைக் கிழிக்கவா இவனைக் காலேஜுக்கு அனுப்பினேன்? வெட்கக்கேடுலா!” கிழிக்கச் சொல்வது ஒரு வெள்ளைக்காரர் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார். துரை சொன்னால் மீன் நாறுமா என்ன?

சேவியருக்கோ அந்த வேலை உயிர். மீனைப் பிடித்து, செவுள் மூடியில் நம்பர் போட்ட சின்னத் தகட்டை மாட்டி, மறுபடி கடலில் விடுவார்களாம். பிறகு அது எங்கே பிடிபடுகிறது என்று பார்த்தால், மீன் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியுமாம். லீவு முடியப்போகிறது... விட்ட மீன் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இதற்கு நடுவில் துரை, படிப்பு முடிந்ததும் இருவரில் ஒருவனை உதவியாளனாக வைத்துக்கொள்வேன், சனிக்கிழமை சொல்கிறேன் என்றுவிட்டார். பையனுக்குச் சோறு இறங்கவில்லை. “இது கிடைக்கலேன்னா அப்பா என்னைக் கப்பல் கம்பெனியிலேயே கிராணியா உட்கார வச்சிடுவாரு மாமா” என்று என்னிடம் புலம்பினான்.

சரி, துரையை வெறுங்கையோடு பார்க்கலாமா? நம் கிராணிமார் அப்படிப் பார்த்ததுண்டா? கேக், பழக்கூடை, கோழி — எதுவுமில்லாமல் துரை வீட்டுப் படி ஏறினால் நமக்குக் கால் கூசும்.

“ஏங்க, அந்த மனுசன் பொழுதன்னைக்கும் மீனோடயே கிடக்கிறாரு. பழம் வாங்கிட்டுப் போங்களேன்” என்றாள் அவர் மனைவி ரோசம்மா.

“மீன் துரைக்கு மீன்தான்லா பிடிக்கும்!”

கடலோரத்து ஆபீசில் துரை இலையைப் பிரித்தார். செதில் சுரண்டி, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, மணமேடைக்குத் தயாராக இருந்தது மீன். (இங்கிலீஷில் நடந்ததை நம் பாஷையில் தருகிறேன்.)

“செதில் எங்கே? வயிறு எங்கே?” என்றார் துரை. செதிலில்தான் மீனின் வயசு தெரியுமாம். வயிற்றில்தான் அது தின்றது தெரியுமாம்.

“சுத்தமா இருக்கணும்னு எடுத்துட்டேன் சார். செவுள் பக்கம் ஒரு மெடல்கூடத் தொங்குச்சு. அதையும் கழட்டிட்டேன்.”

அங்கே வேலையாக இருந்த சேவியர் பாய்ந்து வந்தான். “மெடலா? எங்கேப்பா அது?”

“எந்த மீன்காரனோ புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துக்கிட்டு மாட்டினது போலன்னு நினைச்சேன். நமக்கு எதுக்குச் சாமி குத்தம்? காலைப் பூசைக்குப் போனப்ப காணிக்கைப் பெட்டியில போட்டுட்டேன்லா.”

துரையின் மோட்டாரிலேயே எல்லோரும் கோயிலுக்குப் பறந்தோம். சாமியார் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். சில்லறைக்கு நடுவில் தகடு! நம்பரைப் பார்த்ததும் சேவியர், கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டான். அவன் கையால் மாட்டியது.

“எங்கே பிடித்தது?” என்றார் துரை.

அதுதானே முழு ஆராய்ச்சியும்! மீன் வாங்கிய பாசாருக்கு ஓடினோம். விற்றவருக்கும் தெரியவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் வந்த மீனை ஒரே குவியலாகக் கொட்டி விற்றிருக்கிறார்.

லூர்துசாமி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “துரை எந்த இடத்துல பிடிச்சதா இருந்தா நல்லதுன்னு சொன்னா... அங்கேயே பிடிச்சதுதான் சார்.”

சிரிக்காதீர்கள். நாம் எல்லோரும் இப்படித்தானே சம்பளம் வாங்குகிறோம்? வெளியே மழையா வெயிலா என்று துரை கேட்டால்கூட, ஜன்னலைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கிறவர்கள்தானே நாம்?

துரை பையன் பக்கம் திரும்பினார். நிபோங் திபால் கடற்கரைப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? லூர்துசாமி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கிள்ளியதை என் கண்ணால் பார்த்தேன்.

“தெரியாது சார். இனிமே கண்டுபிடிக்கவும் வழியில்லை” என்றான் சேவியர்.

“படிப்பை முடித்துவிட்டு என்னிடமே வா” என்றார் துரை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்வீஸ் முழுக்க எந்தத் துரையிடமும் அப்பா சொல்லத் துணியாத ‘தெரியாது’ என்ற வார்த்தையை, அப்பா கிள்ளிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டானே!

லூர்துசாமிக்கு இதெல்லாம் காதில் விழுந்ததா? “ஒரே ஒரு மீன் அண்ணே! வேலை முடிஞ்சதா இல்லையா?” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த லீவுக்கு மகனை அனுப்ப நினைக்கும் தகப்பன்மார் இப்போதே பாசாரில் குராவ் விலை விசாரிக்கிறார்கள் — செதிலோடு வேண்டுமாம்!