நெட்வொர்க்கில் நான் ஆள் சேர்த்த கதை

1. மொதலாளி கேட்ட கேள்வி

ப்யூரெட் என்கிற அளவுக் குழாயைத் திறந்து தயோசல்ஃபேட் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். உப்பில் அயோடின் எவ்வளவு என்று பார்க்கிற டெஸ்ட் அது. ஸ்டார்ச் போட்டதும் உப்புக் கரைசல் கருநீலமாகும். அந்த நீலம் மறைகிற சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் ரீடிங் தப்பு. அன்று காலை எனக்கு மறுபடி மறுபடி தப்பிக்கொண்டே இருந்தது. கண் ப்யூரெட்டில், நினைப்பு வேறெங்கோ.

2005-இல் மரக்காணத்தில் ஒரு உப்பு பிளான்ட்டில் லேப் இன்சார்ஜாக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த லேபில் இருந்ததே நான் ஒருத்திதான். உப்பளத்திலிருந்து வரும் உப்பைக் கழுவி, காயவைத்து, அயோடின் தெளித்து, பாக்கெட் போடுவார்கள். ஒவ்வொரு லாட்டையும் டெஸ்ட் செய்து கஸ்டமருக்கு ரிப்போர்ட் அனுப்புவது என் வேலை. பிளான்ட்டை மூடப்போகிறார்கள் என்று சில மாதமாகவே பேச்சு. என் கணவர் வேலை பார்த்த மில் ஏற்கெனவே மூடியாயிற்று. வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான்.

ஆபீஸ் கிளார்க் வந்து, "மேடம், மொதலாளி கூப்பிடுறாரு" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மொதலாளி மேஜைமேல் ஒரு பிரின்ட் அவுட் கிடந்தது.

"வாம்மா விஜயா, உக்காரு. நெட்வொர்க்ல சேந்துட்டியாமே?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"நம்ம கஸ்டமருக்கெல்லாம் மெயில் போட்டிருக்க. ராணிப்பேட்டை தோல் ஷாப்பு மேனேஜரு போன் பண்ணி, 'உங்க லேப் அம்மா அவங்க நெட்வொர்க்ல என்னை சேரச் சொல்றாங்க, எவ்ளோ கட்டணும்'னு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்றது? சோப்பா, மேக்னெட் பெட்டா?"

2. எல்லாப் பெயருக்கும் டிக்

முந்தின வாரம் நடந்தது இதுதான்.

என்னோடு டிப்ளமா படித்த ஹேமா அப்போது பெங்களூரில் இருந்தாள். வேலை பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் சேர்த்துக்கொள்கிற ஒரு இணையதளம் புதிதாக வந்திருக்கிறது, பயோடேட்டாவை அதில் போட்டு வை, தெரிந்தவர் மூலம் வேலை வரும் என்று போனில் சொன்னாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பெயர், படிப்பு, வேலை எல்லாம் போட்டாயிற்று. அடுத்து, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றது. கொடுத்தேன். இன்றைக்கு யாராவது கேட்டால் கொடுப்போமா? அன்றைக்கு அது தெரியவில்லை.

என் மெயிலில் இருந்த பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் அதுவே டிக் போட்டு வைத்திருந்தது. அதைக் கவனிக்கிறதற்குள் கரண்ட் போய்விட்டது.

"அக்கா, யு.பி.எஸ். கத்துது, சீக்கிரம் முடிங்க" என்றார் சென்டர்காரர்.

கீழே இருந்த பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து வந்தேன்.

பிளான்ட்டுக்கென்று தனியாக மெயில் கிடையாது. ரிப்போர்ட்டெல்லாம் என் சொந்த மெயிலிலிருந்துதான் போகும். ஆக, தோல் பதனிட எங்களிடம் உப்பு வாங்கும் தோல் ஷாப்பு, மசாலா கம்பெனி, ஊறுகாய் கம்பெனி, எங்கள் ஆபீஸ் கிளார்க், மொதலாளி என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும், 'உங்களை என் நெட்வொர்க்கில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்று என் பெயரில் மெயில் போய்விட்டது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் நெட்வொர்க் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒருவர் வீட்டுக்கு வந்து, பேப்பரில் ஒரு வட்டம் போட்டு, "இது நீங்க" என்பார். கீழே இரண்டு வட்டம் போட்டு, "நீங்க இந்த ரெண்டு பேரச் சேத்தாப் போதும்" என்பார். சேர்ந்த வீட்டிலெல்லாம் விற்காத சோப்பும் காந்தப் படுக்கையும் கட்டிலுக்கடியில் கிடக்கும். அவர்கள் எதிரே வந்தால் சொந்தக்காரர்களே சந்தில் திரும்பிவிடுவார்கள்.

இப்போது என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். பேக்கிங் செக்‌ஷனில் இருந்த அமலா பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து வருவாள். தினம் என்னோடுதான் சாப்பிடுவாள். அவளுக்கு மெயிலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கிளார்க் சொல்லித் தெரிந்துகொண்டாள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தவள், அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யக்கா, என்னை மட்டும் உட்டுருக்கா. ஏற்கெனவே எங்க வூட்ல ஒரு காந்தப் பெட்டு கெடக்குது. அதுல ஆடுதான் படுக்குது."

3. விலகல் மெயில்

மொதலாளி கேட்டதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. என்னவென்று திறப்பது? வேலை தேடுகிறேன் என்றால், அப்படியே போய்த் தேடிக்கொள் என்று சொல்லிவிட்டால்? சும்மா இருந்தால் கஸ்டமர்களிடம் ஆள் பிடிக்கிறவள் என்ற பெயர் நிற்கும். இரண்டு பக்கமும் அடி.

என் மௌனத்தை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"உட்டுடும்மா அதை. உன் கையெழுத்தப் பாத்துத்தான் அவங்க நம்ம உப்ப வாங்குறாங்க. நீ சோப்பு விக்க ஆரம்பிச்சா ரிப்போர்ட்ட எவன் நம்புவான்? நான் நெட்வொர்க்கை உட்டு விலகிட்டேன், யாரும் சேர வேணாம்னு எல்லாருக்கும் மெயில் போடு. காலையில எனக்கு பிரின்ட் வரணும்."

சாயங்காலம் மறுபடியும் பிரவுசிங் சென்டர். அவர் சொன்னதை அப்படியே டைப் செய்தேன். அனுப்புவதற்கு முன்னால், யாராவது திட்டி எழுதியிருக்கிறார்களா என்று அந்தத் தளத்தைத் திறந்தேன். அத்தனை பேரில் ஒரே ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தார். திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஊறுகாய் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் ரங்கநாதன் சார். முகம் பார்த்ததில்லை. ரிப்போர்ட் கிடைத்தது, நன்றி என்பதற்குமேல் ஒரு வார்த்தை எழுதினவரும் இல்லை. இப்போது எழுதியிருந்தார்: உங்கள் ரிப்போர்ட்டுகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் லேபுக்கு ஆள் தேவை. விருப்பமிருந்தால் வாருங்கள். இப்போதைய முதலாளியிடமிருந்து ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வேண்டும்.

படித்ததும் சந்தோஷம் வரவில்லை. விலகல் மெயிலை அனுப்பினால் அது இவருக்கும் போகும், இந்த வேலை போச்சு. அனுப்பாவிட்டால் காலையில் இருக்கிற வேலை போச்சு. லெட்டர் கேட்கப் போனால், கேட்ட வாயோடு எல்லாம் போகலாம். கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. அனுப்பாமல் எழுந்துவிட்டேன்.

4. அளத்து வரப்பில்

காலையில் மொதலாளி அளத்தில் இருந்தார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் குடை பிடித்து நின்றவரிடம் போனேன். கண் கூசும் வெயில்.

"பிரின்ட் எங்கம்மா?"

"ஐயா, நான் சோப்பு விக்கலீங்க. வேலை தேடுறேங்க."

கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். லெட்டர் வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார்.

"அப்போ ஸ்கீம் கீம் ஒண்ணும் இல்ல?"

"சத்தியமா இல்லீங்க. பிளான்ட்ட மூடப்போறீங்கன்னு பேசிக்கிறாங்க. அந்தப் பயத்துலதாங்க தேடினேன்."

"மூடலம்மா. மழைக்கு முன்னாடி குத்தகைக்கு உடுறேன். வர்றவரு பாக்கெட் போட மாட்டாராம், மூட்டையாத்தான் விப்பாராம். லேபும் வேணாம், பேக்கிங்கும் வேணாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத எங்ககிட்ட சொல்லலியேங்க!"

"எப்பிடிம்மா சொல்றது? பேக்கிங் பொண்ணுங்க மூஞ்சியப் பாத்தா வாய் வர்ல."

அத்தனை நாளும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவரும் அதே பயத்தில்தான் இருந்திருக்கிறார்.

"லெட்டர டைப் பண்ணி எடுத்துக்கினு வா, கையெழுத்து போடுறேன். அந்த விலகல் மெயில போட்டுட்டியா?"

"இல்லீங்க."

"போடாத. ஆனா தோல் ஷாப்புக்காரருக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. அந்த ஆளு இன்னும் எவ்ளோ கட்டணும்னு கேட்டுக்கினே கெடக்குறாரு."

அன்றைக்கே ஒவ்வொரு கஸ்டமருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மசாலா கம்பெனிக்காரர் நம்பவே இல்லை.

5. பி.பி. நம்பர்

இன்டர்வியூ முடிந்து ஊறுகாய் கம்பெனியில் சேர்ந்தேன். உப்பு பிளான்ட்டில் என் கடைசி நாளன்று அமலா லேப் வாசலில் வந்து நின்றாள். குத்தகை விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"யக்கா, அந்த நெட்வொர்க்குல என்னையும் சேத்து உடேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மெயில் வேண்டும், இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? போன் நம்பர் கேட்டேன். பக்கத்து வீட்டு பி.பி. நம்பரைச் சொன்னாள். அது மீன் ஏலம் எடுக்கிறவர் வீட்டு போன். கூப்பிட்டால் அவர்கள் போய் அழைத்து வருவார்கள். பாக்கெட் லேபிளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

இப்போது அதே மாதிரித் தளங்களில் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருக்கிற பிள்ளைகள் என் லேபில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டனை அமுக்குவதற்கு முன்னால் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. அவருக்கு உன்னைத் தெரிந்திருந்தாலும், நீ எழுதுகிற வார்த்தைக்கு அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் எந்த லிஸ்டிலும் வர மாட்டாள், அவளை நீதான் சேர்க்க வேண்டும்.

நான் அங்கே சேர்ந்து சில மாதம் கழித்து எங்கள் பேக்கிங்கில் ஆள் எடுத்தார்கள். ரங்கநாதன் சாரிடம் சொல்லிவிட்டு அந்த பி.பி. நம்பருக்கு போன் போட்டேன். எடுத்தவர், "அமலா, போனு!" என்று கத்தினார். மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அமலா, நான் விஜயா பேசுறேன். எங்க கம்பெனில உன்னைச் சேத்துக்கறேங்கிறாங்க. வர்றியா?"

மூச்சிரைப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, எத்தினி பேர நான் சேக்கணும்?"